வேகமும் பிடிப்பும் எதிர்ச்சொற்கள் அல்ல

அலைச்சறுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில், வால்முனையை ஒட்டிப் பொருத்தப்படும் ஃபின்களைப் பற்றிய பேச்சு எங்கு நிகழ்ந்தாலும் அது வேகம், பிடிப்பு என்னும் இரு சொற்களைச் சுற்றியே நிகழ்கிறது. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பது அப்பேச்சின் எழுதப்படாத இலக்கணம். பெரிய ஃபின் நீரைப் பற்றிக்கொள்ளும், ஆயின் மந்தப்படுத்தும். சிறிய ஃபின் விரையும், ஆயின் வழுக்கும். விற்பனை அட்டைகளும் பயிற்றுநர்களும் இதையே கூற, கற்க வரும் இளைஞர்களும் இதையே பாடமாக்கிக்கொள்கின்றனர். இந்த எதிர்நிலை பெரிதும் சொற்களால் உண்டானது என்பதே இப்பதிவின் வாதம். அலையின்மேல் பிடிப்புத்தான் வேகத்தைத் தருகிறது. அந்தப் பிடிப்புக்கு எவ்வளவு நீரெதிர்ப்பை விலையாகக் கொடுக்க நேர்கிறது என்பதில்தான் ஒரு ஃபின்னுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

முதலில் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது; 2 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். ஒருவர் அலை செல்லும் திசையிலேயே நேராகக் கரையை நோக்கிச் சறுக்கினால், சரிவில் இறங்கும் கணநேர விரைவைத் தவிர்த்து, அவர் நீடித்துப் பெறக்கூடிய வேகம் அலையின் வேகமே. அதைவிட முந்தினால் சரிவைக் கடந்து தட்டையான நீரில் நின்றுவிடுவார். பிந்தினால் அலை அவரை விட்டுச் சென்றுவிடும். அலையைவிட விரைவாக ஓட ஒரே வழி, அதன் முகப்பில் குறுக்காக ஓடுவது. அலை செல்லும் திசைக்கு 45 டிகிரி விலகி ஓடுபவர், அலையோடு இணைந்திருக்க வேண்டுமானால் மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். 60 டிகிரி விலகினால் 32 கிலோமீட்டர், அதாவது அலையின் வேகத்தைப் போல் இருமடங்கு. இது பள்ளிக்கூட முக்கோணவியல்தான். ஆனால் அவ்வாறு குறுக்கே ஓடுவதற்குப் பலகை பக்கவாட்டில் நழுவாமல் இருக்க வேண்டும். புவியீர்ப்பு அதை அலையின் அடிவாரத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த நழுவலைத் தடுப்பது பலகையின் விளிம்பும் அடிப்பரப்பும் ஃபின்களும் நீரோடு சேர்ந்து உண்டாக்கும் பக்கவிசை. பிடிப்பு என்று வழங்கப்படுவது இந்தப் பக்கவிசையே. அது இல்லையேல் 60 டிகிரி இல்லை. 60 டிகிரி இல்லையேல் 32 கிலோமீட்டரும் இல்லை.

பாய்மரக் கலங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே செல்லும் படகு, நீருக்குள் இறங்கிய ஒரு தட்டையான பலகையின் உதவியின்றிக் காற்றோடு பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். சோழமண்டலக் கரையில் பாய் விரித்துச் சென்ற கட்டுமரங்களும் இதற்கென ஒரு பலகையைப் பக்கத்தில் நீருக்குள் இறக்கியே ஓடின. அப்பலகை கட்டுமரத்தை மந்தப்படுத்தியதா, விரைவுபடுத்தியதா என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. அது நீரில் உராய்ந்தது உண்மை. அது இல்லாவிட்டால் போக வேண்டிய திசையில் கலம் போயிருக்காது என்பதும் உண்மை. அலைச்சறுக்கில் மட்டும் இந்த இரண்டாவது உண்மை ஏன் மறக்கப்படுகிறது?

காரணத்தின் ஒரு பகுதி பெயர்களில் இருக்கிறது. மீனின் உறுப்பைக் குறிக்கத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் சொல் துடுப்பு. அதுவே படகு வலிக்கும் கருவிக்கும் பெயர். மீனின் வால்துடுப்பும் படகின் துடுப்பும் நீரைப் பின்தள்ளிக் கலத்தையோ உடலையோ முன்செலுத்துகின்றன. பலகையின் அடியில் அசையாமல் நிற்கும் ஃபின் அந்த வேலையைச் செய்வதே இல்லை. ஆகவே இங்கு ‘துடுப்பு’ என்று மொழிபெயர்ப்பது முதல் அடியிலேயே வாசகரைத் தவறான இயங்குமுறைக்கு அழைத்துச் செல்கிறது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கும் இளைஞர்கள் ‘ஃபின்’ என்றே சொல்வது இவ்வகையில் பாதுகாப்பானது. ஆங்கிலத்திலும் குழப்பம் இல்லாமல் இல்லை. அங்கே பழைய பெயர் ‘ஸ்கெக்’. கப்பல் கட்டுவோரிடமிருந்து வந்த அச்சொல்லின் வேரை ‘தாடி’ என்னும் பொருளுடைய பழைய நோர்ஸ் சொல்லில் காண்பர் சொற்பிறப்பியலார். தாடி எதையும் தள்ளுவதில்லை என்பதால் அது தீங்கற்ற பெயர். பின்னர் வந்த ‘திரஸ்டர்’ அப்படிப்பட்டதன்று; தள்ளுவது என்பதே அதன் பொருள். இன்றைய சந்தையில் ‘ஆக்சிலரேட்டர்’, ‘ரியாக்டர்’, ‘கார்வர்’, ‘பெர்ஃபார்மர்’ என ஃபின் வகைகளுக்குப் பெயர் வழங்குகிறது. நான்குமே வினையிலிருந்து செய்பவரை ஆக்கும் விகுதி கொண்டவை. விரைவுபடுத்துவது ஃபின், அலைமுகத்தைச் செதுக்குவது ஃபின், நிற்பவர் வெறும் பயணி!

கருவியை எழுவாயாக நிறுத்துவது எல்லா மொழிக்கும் இயல்பே. ‘வாள் வெட்டியது’ என்பதில் வாளைக் கருவிக்கருத்தா என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர் பிற்காலத் தமிழ் இலக்கணிகள். ஆனால் அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே தொல்காப்பியத்தின் வேற்றுமைமயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகள் எட்டு என்று எண்ணிவைத்தது: வினை, செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகிய ஆறும், யாருக்காக, என்ன பயன் கருதி என்னும் இரண்டும். ‘இந்த ஃபின் வேகமானது’ என்ற வாக்கியத்தை இப்பட்டியலின்முன் வைத்தால் அதன் வறுமை புலப்படும். நிலம் இல்லை: மணல் திட்டா, பாறையா, முருகைக்கல்லா? காலம் இல்லை: ஓதம் ஏறுகிறதா, வடிகிறதா? செய்பவர் இல்லை: 55 கிலோ எடையுள்ளவரா, 90 கிலோவா? எட்டில் ஒன்று மட்டும் எஞ்சி, மற்ற ஏழின் பண்புகளையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு நிற்கிறது.

இனிப் பக்கவிசையைச் சற்று எண்களால் அணுகலாம். மூன்று ஃபின் பலகையில் பொருத்தப்படும் நடுத்தர அளவு ஃபின் ஒன்றின் ஆழம் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர், பரப்பு 97 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கும். உள்ளங்கையைவிடப் பெரிதன்று. நீர் காற்றைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையது என்பதால் இந்தச் சிறு பரப்பே போதுமானதாகிறது. ஃபின் நோக்கும் திசைக்கும் நீர் வந்து மோதும் திசைக்கும் இடையிலான கோணத்தைத் தாக்குகோணம் எனலாம். அக்கோணம் 8 டிகிரி அளவில் இருக்கையில், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இத்தகைய ஃபின் தரும் பக்கவிசை ஏறத்தாழ 6 கிலோ எடைக்கு நிகர். வேகம் நொடிக்கு 10 மீட்டரானால் அது 25 கிலோ எடைக்கு நிகராகிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்கு. ஆக, வேகம் பிடிப்பைத் தின்னவில்லை. பிடிப்பை ஊட்டி வளர்க்கிறது. மெல்ல ஓடும் பலகை வழுக்குவதும், அதே பலகை விரைந்து ஓடும்போது இறுகப் பற்றுவதும் இதனால்தான். பிடிப்பினால் வேகம், வேகத்தினால் பிடிப்பு என்ற இந்தச் சுழற்சியை ‘ஒன்று கூடினால் மற்றது குறையும்’ என்ற வாய்பாட்டில் அடைக்க முடியாது.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. கிடைத்தளத்தில் நிகழும் ஒரு எளிய திருப்பத்தை மட்டும் கருதுவோர்க்கு, திரும்புவதற்குத் தேவைப்படும் மையநோக்கு விசையும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே வளர்கிறது என்பது நினைவுக்கு வரும். ஃபின் தரும் விசையும் அவ்வாறே வளர்கிறது. இரண்டையும் சமன்படுத்தினால் வேகம் இருபுறமும் நீங்கிவிடுகிறது! எவ்வளவு இறுக்கமாகத் திரும்ப முடியும் என்பதை எடையும் ஃபின் பரப்பும் தாக்குகோணமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. 75 கிலோ எடைக்கு, இரண்டு ஃபின்கள் தம் ஆற்றலின் எல்லைவரை உழைத்தாலும், திருப்பத்தின் ஆரம் 9 மீட்டருக்குக் குறையாது. போட்டிகளில் காணப்படும் திருப்பங்கள் அதில் பாதியளவிலேயே முடிந்துவிடுகின்றன. எஞ்சிய விசை எங்கிருந்து வருகிறது? சாய்த்துப் புதைக்கப்பட்ட விளிம்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும். திருப்பத்தின் பெரும்பகுதியைப் பலகையே செய்கிறது. ஃபின் அத்திருப்பத்தில் வால் விலகி ஓடாதபடி காவல் நிற்கிறது. இக்கணக்கிலிருந்து ஒரு பயனும் உண்டு. ஃபின் தொகுதிகளின் அட்டையில் காணப்படும் செய்திகளுள் மிகவும் நேர்மையானது உடல் எடையைக் கொண்டு சிறிது, நடுத்தரம், பெரிது எனப் பிரிக்கும் அந்தச் சலிப்பூட்டும் வரிதான்.

விலையைப் பற்றியும் பேச வேண்டும். ஃபின்னால் உண்டாகும் நீரெதிர்ப்பு இருவகை. ஒன்று, நனையும் பரப்பின் உராய்வு. இதுவே ‘பெரிய ஃபின் மந்தம்’ என்ற கூற்றின் அடிப்படை. மற்றொன்று பக்கவிசையோடு ஒட்டிப் பிறப்பது: அழுத்தம் மிகுந்த பக்கத்து நீர் ஃபின்னின் முனையைச் சுற்றிக்கொண்டு அழுத்தம் குறைந்த பக்கத்துக்குப் பாய்ந்து சுழலை உண்டாக்குகிறது, அச்சுழலை உருவாக்கும் ஆற்றல் பலகையின் ஓட்டத்திலிருந்தே பறிக்கப்படுகிறது. ஒரே பக்கவிசையைப் பெற, ஆழம் குறைந்த ஃபின் இந்த வகையில் மிகுதியாக இழக்கும். ஆழம் இருமடங்கானால் இவ்விழப்பு நான்கில் ஒன்றாகும். எனவே வலிமை குன்றிய, மெல்ல ஓடும் அலையில் மிகச் சிறிய ஃபின்னைப் பொருத்தியவர் உராய்வில் சிறிது மிச்சம் பிடித்து, சுழலில் அதைவிட மிகுதியாகச் செலவழிக்கக்கூடும். சிறிய ஃபின் உயர்ந்த தாக்குகோணத்தில் உழைக்க வேண்டியிருப்பதால், சீரான ஓட்டம் குலைந்து பக்கவிசை சட்டென்று விழும் எல்லைக்கும் அது விரைவில் வந்துவிடும். மிக விரைவான அலையில் நேராக ஓடுகையில் கதை மாறுகிறது. அங்கே ஒன்றிரண்டு டிகிரியே போதும். மிகைப்பரப்பு வெறும் சுமை. ‘சிறிய ஃபின் வேகமானது’ என்பது பொய்யன்று. அது ஒரு வகை அலையின் ஒரு கணத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மை.

வடிவத்தின் பிற கூறுகளைச் சுருக்கமாகவே கூறலாம். ஃபின்னின் முனை அடியைவிட எவ்வளவு பின்னால் சரிந்திருக்கிறது என்பது திருப்பத்தின் தன்மையை மாற்றுகிறது: நிமிர்ந்த ஃபின் குறுகிய திருப்பத்துக்கும், பின்சரிந்தது நீண்டு வளையும் திருப்பத்துக்கும் உகந்தது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். பக்க ஃபின்களின் உட்புறம் தட்டையாகவும் வெளிப்புறம் வளைந்தும் இருக்கும். நடு ஃபின் இருபுறமும் ஒத்த வளைவுடையது. பக்க ஃபின்கள் சில டிகிரி வெளிநோக்கிச் சாய்க்கப்படுகின்றன. அவற்றின் முன்விளிம்புகள் சில டிகிரி பலகையின் மூக்கை நோக்கித் திருப்பப்படுகின்றன. இந்த உள்திருப்பம் சற்று வேடிக்கையானது. நேராக ஓடும்போது இரு பக்க ஃபின்களும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டு, எப்பயனும் இன்றி நீரெதிர்ப்பைக் கூட்டுகின்றன. ஆயினும் அலைச்சறுக்குவோர் அதைக் கைவிடவில்லை. சாய்த்த நொடியிலேயே ஃபின் விசை தரத் தொடங்க வேண்டும் என்பதற்காக, நேரோட்டத்தில் அந்தத் தண்டத்தை மனமுவந்து செலுத்துகின்றனர். வேகமே குறிக்கோள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு விளையாட்டு இப்படி நடந்துகொள்கிறது என்றால், அங்கே ‘வேகம்’ என்ற சொல் வேறெதையோ குறிக்கிறது என்றே கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது ஒரு திருப்பம் முடிந்து அடுத்ததற்குள் நுழையும்போது வேகம் இழக்கப்படாதிருப்பதைக் குறிக்கிறது.

வரலாறும் இதே திசையில்தான் சாட்சி சொல்கிறது. ஹவாயின் பழைய பலகைகளுக்கு ஃபின் கிடையாது. திசை திருப்பப் பின்காலை நீரில் இழுப்பது வழக்கம். 1935இல் டாம் பிளேக், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் கீலை எடுத்துத் தம் பலகையின் அடியில் பொருத்தி வைகீகீயில் சறுக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1937இல், ஹொனலுலுவில் ஜான் கெல்லி, வாலி ஃப்ரோய்செத், ஃபிரான் ஹீத் ஆகிய இளைஞர்கள் வேறொரு விடையைக் கண்டனர்: பலகையின் வாலைக் கோடாலியால் செதுக்கி ஒடுக்கி, அடிப்பகுதியை ஆங்கில ‘வி’ வடிவாக்கினர். ஃபின்னே இல்லாமல் செங்குத்தான அலைமுகத்தில் வால் வழுக்காமல் நின்றது. இரு முயற்சிகளுமே வழுக்கலுக்கு எதிரானவை. இரண்டும் செங்குத்தான, விரைவான அலைகளில் குறுக்கே ஓடும் வாய்ப்பைத் திறந்தன. 1940களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் தம் அகன்ற வால் பலகையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு ஃபின் வைத்ததும் அதே வழுக்கலைத் தீர்க்கவே.

சாண்டா பார்பராவின் ஜார்ஜ் கிரீனோ இதில் தனித்து நிற்பவர். 1960களில் அவர் சூரை மீனின் வால் வடிவத்தைப் பின்பற்றி, அடி அகன்று முனை குறுகிப் பின்சரிந்த, நெகிழும் கண்ணாடியிழை ஃபின்களைச் செதுக்கினார். அதுவரை இருந்த ஃபின்கள் பெரும்பாலும் தடித்த, மழுங்கிய பலகைத் துண்டுகள். 1966இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியர் நாட் யங் வென்றது கிரீனோவின் சிந்தனையில் பிறந்த ஃபின் ஒன்றைத் தாங்கிய பலகையில்தான். அந்த ஃபின் முந்தையவற்றைவிட நன்றாகப் பற்றியது. அதனாலேயே யங்கால் அலைமுகம் முழுவதையும் வேகத்தோடு பயன்படுத்த முடிந்தது. பிடிப்பும் வேகமும் ஒரே கைவினையில் ஒருசேர உயர்ந்த இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

திரஸ்டரின் கதை அனைவரும் அறிந்ததே. ஆனால் அதிலிருந்து பொதுவாக எடுக்கப்படும் முடிவு ஐயத்துக்குரியது. 1980இன் இறுதியில் சிட்னியின் நாரபீனைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சன், ஏறத்தாழ ஒரே அளவான மூன்று ஃபின்களைக் கொண்ட பலகையைச் செய்தார். உயரமும் எடையும் மிக்க அவருக்கு அக்காலத்து இரட்டை ஃபின் பலகைகள் வழுக்கின. 1981இல் பெல்ஸ் கடற்கரையில், அசாதாரணமாகப் பெருத்த அலைகளில் அவர் வென்றார்; அதே ஆண்டு சிட்னி சர்ஃபபவுட்டிலும் ஹவாயின் பைப்லைனிலும் வென்றார். காப்புரிமை எடுக்கவில்லை. 1980களின் நடுப்பகுதிக்குள் உலகமே மூன்று ஃபின்னுக்கு மாறிவிட்டது. ஆகவே மூன்று ஃபின்னே வேகமும் பிடிப்பும் இணைந்த இறுதி விடை என்பர். ஆனால் அதே 1981இலும், அடுத்த 1982இலும் உலக வாகையர் மார்க் ரிச்சர்ட்ஸ்; 1979 முதல் தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்ற அவர் பெரும்பாலும் ஓட்டியது இரட்டை ஃபின் பலகை. ஹவாயின் பேரலைகளுக்கு அவர் ஒற்றை ஃபின்னை எடுத்தார். மேலும், ஆண்டர்சன் திரஸ்டர் பிறப்பதற்கு முன்பே 1977இல் அதே பெல்ஸில் வென்றவர். அங்கு அவருக்குத் திரஸ்டர் தேவைப்படவே இல்லை என்று இதற்குப் பொருளன்று. ஒரு போட்டி வெற்றி ஃபின் அமைப்பொன்றைப் பற்றிய சோதனை ஆகாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது. செய்பவரும் நிலமும் காலமும் கலந்து கிடக்கும் தரவிலிருந்து கருவியை மட்டும் பிரித்தெடுக்க இயலாது.

நான்கு ஃபின் பலகைகளைப் பற்றிய பேச்சிலும் இதே அவசரம். நடு ஃபின் இல்லாததால் நீரெதிர்ப்பு குறைந்து பலகை விரைகிறது என்று காரணம் கூறப்படுகிறது. பரப்பைக் கூட்டிப் பார்த்தால், இரு முன் ஃபின்களும் இரு பின் ஃபின்களும் சேர்ந்து மூன்று ஃபின் தொகுதிக்கு ஏறக்குறைய ஒத்தோ, சற்று மிகுந்தோ இருப்பதே வழக்கம். ஆக, கூறப்படும் காரணம் நிற்கவில்லை. விளிம்பை ஒட்டி இரண்டு ஃபின்கள் ஒரே பக்கத்தில் நீருக்குள் ஆழப் புதைந்து உழைப்பதும், குழல் போல் கவியும் அலைக்குள் உயரமான கோட்டில் ஓட அது உதவுவதும் மேலும் பொருத்தமான விளக்கம். அதாவது இங்கும் வேகம் பிடிப்பின் வழியேதான் வந்திருக்கிறது.

இவ்வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று ஒன்று உண்டு. அதைத் தவிர்ப்பது நேர்மையாகாது. ஆஸ்திரேலியர் டெரெக் ஹிண்ட் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பேயில் ஃபின்களே இல்லாத பலகையில் சறுக்கும் காட்சிகள் பரவலாகக் காணக்கிடைப்பவை. அவர் மந்தமாக ஓடவில்லை. உலகின் மிக விரைவான அலைகளுள் ஒன்றில், மிக விரைவாகவே ஓடுகிறார். டாம் வெகனர் 2000களில் மீட்டெடுத்த ஹவாயின் மெல்லிய மரப்பலகையான அலையாவும் அவ்வாறே. (அலைக்கும் அலையாவுக்கும் ஒலியொற்றுமையைத் தவிர வேறு தொடர்பு இல்லை, சமூக ஊடகச் சொற்பிறப்பியலார் பொறுத்தருள்க.) பிடிப்பில்லாமலே வேகம் கிடைக்கிறது என்பதற்கு இவை சான்றாகுமா? ஆகா. அப்பலகைகளின் கூரிய விளிம்பும் அடியிலுள்ள பள்ளங்களும் பக்கவிசையைத் தருகின்றன. ஹொனலுலு இளைஞர்கள் கோடாலியால் கண்ட விடையின் வழித்தோன்றல்கள் அவை. ஃபின் இன்றியமையாதது அன்று என்பதை அவை மெய்ப்பிக்கின்றன. பிடிப்பு தேவையற்றது என்பதை அன்று. வால் சுழன்று பின்னோக்கித் திரும்பும் கணங்களில் அவை எவ்வளவு வேகம் இழக்கின்றன என்பதையும் அதே காட்சிகளில் காணலாம்.

இதெல்லாம் தொலைதூரக் கடல்களின் செய்தி மட்டுமன்று. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்கு லீகின் தகுதிச் சுற்றுப் போட்டி நடைபெற்றது. கர்நாடகத்தின் முல்கியிலும் தமிழ்நாட்டின் கோவளத்திலும் பயிலும் இளைஞர்களில் பலர் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கைக்கு வரும் ஃபின் தொகுதிகள் பெரும்பாலும் இறக்குமதியானவை. ஒரு தொகுதிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஒன்றை வாங்குபவர் இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உடையவர் அல்லர். அவர் அட்டையிலுள்ள சொல்லை நம்பியே வாங்குகிறார். இந்தியக் கரையின் அலைகளோ ஆண்டின் பெரும்பகுதி சிறியவை, இடைவெளி குறைந்தவை. ‘வேகம்’ என்று எழுதப்பட்ட சிறிய, விறைத்த ஃபின்னை இத்தகைய அலையில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் பொருத்தினால் மேலே கூறிய சுழலிழப்பைத்தான் விலைக்கு வாங்குகிறார். பல்கலைக்கழக விளையாட்டறிவியல் துறைகளும் கடல்சார் பொறியியல் துறைகளும் கைவைக்கத்தக்க, செலவு குறைந்த ஆய்வுக்களம் இது. ஆனால் இங்கே அலைச்சறுக்கு இன்னமும் சுற்றுலாத்துறையின் விளம்பரப் படமாகவே பார்க்கப்படுகிறது.

ஆய்வு கடினமானதும் அன்று. 1990களில் ஆஸ்திரேலியாவின் எஃப்.சி.எஸ். போன்ற கழற்றி மாட்டும் அமைப்புகள் வந்த பின், ஒரே பலகையில், ஒரே ஓதத்தில், சில நிமிடங்களில் ஃபின்களை மாற்றிவிட முடிகிறது. கிரீனோவுக்குக் கிட்டாத வசதி. ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சில் ஃபின்களை வார்த்துக் கடலிலேயே சோதித்திருக்கின்றனர். இந்தியாவில் செய்ய விரும்புவோர் அதோடு ஒரு எளிய கட்டுப்பாட்டைச் சேர்க்கலாம்: ஃபின்கள் அனைத்துக்கும் ஒரே நிறம் பூசி, பெயர்களை நீக்கி, சறுக்குபவர் பார்க்காதபடி இன்னொருவர் பொருத்தித் தருவது. மருந்தாய்வில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள இந்த ஒளிப்பு, ஃபின் மதிப்புரைகளில் காணக்கிடைப்பதில்லை. ‘ஆக்சிலரேட்டர்’ என்று எழுதிய பொருளைக் காலடியில் மாட்டிக்கொண்டவர் விரைவதாக உணர்வதில் வியப்பென்ன?

மொழியியலாளர்க்கும் அங்கே வேலை உண்டு. கரையோர நீரோட்டங்களை வன்னி, தெண்டி எனத் திசை பிரித்துப் பெயரிட்ட சமூகம், தன் காலடிப் பலகையின் நடத்தையை மட்டும் ‘வழுக்குது’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க வேண்டியதில்லை. அச்சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. தாக்குகோணம் எல்லை மீறி, நீரோட்டம் ஃபின்னின் ஒரு பக்கத்திலிருந்து பிய்ந்து விசை விழுவது ஒன்று. இதற்கு மருந்து கூடுதல் பரப்பு. நீர்மட்டத்திலிருந்து காற்று ஃபின்னின் பக்கவாட்டில் உறிஞ்சப்பட்டு இறங்கி, நீருக்குப் பதில் காற்றை ஃபின் பற்ற முயல்வது இரண்டாவது; இதற்குப் பரப்பு உதவாது, ஃபின்னின் இடத்தையோ ஆழத்தையோ மாற்ற வேண்டும். வாலே நீரைவிட்டு எழும்பி ஃபின் வெளியே வந்துவிடுவது மூன்றாவது. இதற்கு எந்தக் கடையிலும் ஃபின் கிடையாது, பின்காலை நாலு விரற்கடை நகர்த்தி வைத்தால் போதும். கரையேறும் சறுக்கரிடம் ‘வழுக்கியதா’ என்று கேட்பதை விடுத்து, திருப்பத்தின் எந்த இடத்தில், சத்தமின்றியா, இரைச்சலோடா, மெல்லவா, சட்டென்றா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், மூன்றையும் பிரித்தறியத் தொட்டியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். ஒரு குறிப்பேடும், எடை பார்க்கும் கருவியும், அன்றைய ஓத அட்டவணையும் இருந்தால் நாளைக் காலையே தொடங்கிவிடலாம்.